சைக்கிளின் நடுவில் ஒரு மோட்டார்: ரீயூனியன் மேடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

ரீயூனியன் தீவில், சேந்த் ஆந்த்ரேயின் கரும்புத் தோட்டச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட மோட்டார் தேவையில்லை. தரை ஏறக்குறைய சமம். தென்கிழக்குக் காற்று எதிர்த்து வீசும் நாட்களில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினீர்களோ, அப்புறம் மேடுதான். சலாசி வழியாக எல்பூர் போனால் 900 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சேன் பெனுவாவிலிருந்து பிளேன் தெ பல்மிஸ்த் போகும் சாலை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் 1,000 மீட்டர் ஏறிவிடுகிறது.

அதனால்தான் கொட்டகையில் கிடக்கும் பழைய சைக்கிளுக்கு ஒரு மோட்டார் போட்டால் என்ன என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி வருகிறது. போடலாம். ஆனால் எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டார் ஒரு வகை. பெடல் சுற்றும் அச்சில், அதாவது பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்குகளுக்கு நடுவே உட்காரும் மோட்டார் இன்னொரு வகை. இந்த இரண்டாவதைத்தான் மிட்-டிரைவ் என்கிறார்கள். நான் இங்கே நடுமோட்டார் என்றே எழுதுகிறேன். இந்தத் தீவில் கரையோரத்தைத் தாண்டி ஓட்டுகிறவர்களுக்கு நடுமோட்டார்தான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அது ஏன் சரி?

மின்மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகச் சுழலும்போது நாம் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை வேலையாக மாற்றும். பாரத்தை ஏற்றி மெதுவாகச் சுழல வைத்தால் அதே மின்சாரத்தைச் சூடாக்கித் தள்ளும். சக்கரத்து மோட்டார் சக்கரத்தோடு கட்டுப்பட்டது. சைக்கிள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகத்தான் சுற்ற முடியும். மேட்டில் சைக்கிள் மெதுவாகப் போவதைத் தவிர வழியில்லை. ஆக, உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அந்த மோட்டார் தன் மோசமான நிலையில் இருக்கும்.

நடுமோட்டார் செயினை இழுக்கிறது. செயின் பின்சக்கரத்தின் கியர்கள் வழியாகப் போகிறது. நாம் கியரை இறக்கினால் நம் காலுக்கு மட்டும் சுகமில்லை, மோட்டாருக்கும் சுகம். சைக்கிள் மெதுவாக ஏறும், மோட்டார் வேகமாகவே சுற்றும்.

ஒரு கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் மேடு. மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏற, உயரத்துக்கு மட்டும் சுமார் 260 வாட் வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 290 வாட் பக்கம் வரும். சாதாரணமாக மிதிக்கிற ஒருவர் 100 வாட் கொடுத்தால் மோட்டார் 190 கொடுக்க வேண்டும். 250 வாட் மோட்டாருக்கு இது பெரிய வேலை இல்லை.

இப்போது கியரைப் பாருங்கள். 12 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 90 சுற்று போலச் சுற்றும். முன்னால் 42 பல், பின்னால் 32 பல் என்றால் கிராங்க் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 சுற்று. காலுக்கும் மோட்டாருக்கும் இதமான வேகம். அதே மேட்டில் பின்னால் 11 பல்லிலேயே விட்டிருந்தால் கிராங்க் 24 சுற்றுதான் சுற்றும். அப்போது மோட்டார் முனகும், பேட்டரி கரையும், மோட்டாரின் மூடி கையில் சுடும். நடுமோட்டார் வாங்கியும் கியர் மாற்றாமல் ஓட்டுகிறவருக்குச் சக்கரத்து மோட்டாரைவிட ஒரு பயனும் கிடைக்காது.

இனி வருகிற பொருத்தல், பழுது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவைதான்: மோட்டார் செயின் வழியாகத் தள்ளுகிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரீயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பியச் சட்டமே இங்கும் செல்லும். மோட்டாரின் தொடர் சக்தி 250 வாட்டுக்கு மிஞ்சக்கூடாது. மிதித்தால்தான் உதவ வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது உதவி நின்றுவிட வேண்டும். இதற்கு மேல் போனால் அது சட்டத்தின் கண்ணில் மோப்பெட்; பதிவும் காப்பீடும் வேண்டும். வேகத் தடையை எடுத்துவிட்டு ஓட்டினால் ஓராண்டு வரை சிறையும் 30,000 யூரோ வரை அபராதமும் விதிக்கலாம். இணையத்தில் 750 வாட், 1,000 வாட் என்று ஆசை காட்டுவார்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். சரியான கியரில் போனால் 250 வாட் நம் மேடுகளுக்குப் போதும்.

நாமே பொருத்திக்கொள்ளும் வகையில் அதிகம் கிடைப்பவை இரண்டு: பஃபாங் நிறுவனத்தின் பி.பி.எஸ்.01, டோங்ஷெங் நிறுவனத்தின் டி.எஸ்.டி.இசட்.2. முதலாவது, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். லேசாகச் சுற்றினாலும் தேர்ந்தெடுத்த அளவு உதவியைக் கொடுத்துவிடும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இது நல்லது. இரண்டாவது, நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும். அழுத்தினால் கூடும், தளர்த்தினால் குறையும். ஓட்டுவது இயல்பாக இருக்கும், பேட்டரியும் கூடுதல் தூரம் வரும்.

பேட்டரி விஷயத்தில் தீவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 360 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது, கைப்பையிலும் முடியாது. ஊருக்குப் போய்விட்டு வரும் சொந்தக்காரரிடம் மோட்டாரைக் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். பேட்டரியைச் சொல்லவே கூடாது. அது கப்பலில்தான் வர வேண்டும், அல்லது இங்கேயே வாங்க வேண்டும்.

எவ்வளவு பெரிய பேட்டரி? 100 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்த 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 340 போகும். அதாவது, நீங்கள் காலை சும்மா சுற்றிக்கொண்டு மோட்டாரையே நம்பினால் 360 வாட்-மணி பேட்டரி பிளேன் தெ பல்மிஸ்த் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடலாம். பாதி வேலையை நீங்கள் செய்தால் பாதி மீதமிருக்கும். இறங்கும்போது சார்ஜ் ஏறுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏறாது. செயின் பின்னோக்கி மோட்டாரைச் சுற்றாது, ஃப்ரீவீல் விட்டுவிடும்.

ஃப்ரேமின் அடிக்குழாய்

பெடல் அச்சு நுழையும் குறுக்குக் குழாயைப் பாட்டம் பிராக்கெட் என்பார்கள். நடுமோட்டார் இந்தக் குழாய்க்குள் நுழைந்துதான் உட்காரும். ஆகவே சைக்கிள் ஏற்றதா என்று தீர்மானிப்பது இந்தக் குழாய்தான். அகலம் 68 மில்லிமீட்டரோ 73 மில்லிமீட்டரோ இருந்தால் சரி. மோட்டாரின் குழல் 33.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. மரை வைத்த சாதாரணக் குழாயில் அது சற்றே தளர்வாக நுழையும். மரை இல்லாமல் அழுத்திச் செருகும் புதிய வகைக் குழாய்களின் உள்விட்டம் 41 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். அவற்றுக்கு இடைவளையம் தனியாக வாங்க வேண்டும். கார்பன் ஃப்ரேமில் இதைப் போடவே வேண்டாம். மோட்டாரைப் பிடிக்கும் தகட்டின் பற்கள் குழாயின் விளிம்பைக் கடித்துப் பிடிப்பவை. இரும்பும் அலுமினியமும் அதைத் தாங்கும், கார்பன் தாங்காது.

பெடல் அச்சைத் தாங்கி, குழாயின் இரு முனையிலும் மரையில் ஏறியிருக்கும் பழைய கப்களைக் கழற்றுவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதுவும் இந்தத் தீவில் கூடுதலாக ஒரு குழப்பம் இருக்கிறது, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கிராங்க். நடு போல்ட்டைக் கழற்றுங்கள், அதன் வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பிறகு கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியான கிராங்க் இழுப்பானைக் கையாலேயே முழுசாக மரையில் ஏற்றுங்கள். பாதி மரையில் நிற்க வைத்து ஸ்பேனர் போட்டால் கிராங்கின் மென்மையான அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். அதன்பின் அந்தக் கிராங்கைக் கழற்றச் சுத்தியலும் ரம்பமும்தான். மிகப் பழைய சைக்கிள்களில் போல்ட்டுக்குப் பதில் ஆப்பு போன்ற காட்டர் பின் இருக்கும். அதன் நட்டைத் தளர்த்திவிட்டுத் தட்டி இறக்க வேண்டும்.

இனி கப். இன்று உலகெங்கும் பரவலாக இருப்பது ஆங்கில மரை. அதில் இடதுபக்கக் கப் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். செயின் இருக்கும் வலதுபக்கக் கப் எதிர்மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை எல்லா விளக்கப் படங்களிலும் சொல்வார்கள். ஆனால் நம் வீடுகளில் தாத்தா காலத்து பிரெஞ்சு சைக்கிள்கள் நிறைய இருக்கின்றன. 1980-களுக்கு முந்தைய பிரெஞ்சு ஃப்ரேம்களில் பெரும்பாலும் பிரெஞ்சு மரைதான். அதில் இரண்டு கப்களும் நேர்மரை. விளக்கப் படத்தை நம்பி வலதுபக்கக் கப்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். இது போதாதென்று, அந்தக் காலத்தில் சில பிரெஞ்சு ஃப்ரேம்களில் சுவிஸ் மரையும் வந்தது. அளவு பிரெஞ்சு மரைதான், ஆனால் வலப்பக்கம் எதிர்மரை.

எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பின் முகத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் எண் பொறித்திருக்கும். 1.37 × 24 என்றால் ஆங்கில மரை. 35 × 1 என்றால் பிரெஞ்சு அல்லது சுவிஸ். எண் தெரியவில்லை என்றால் இரவே மரைக்குள் ஊறும் எண்ணெயை விட்டுவிட்டு, மறுநாள் ஒரு திசையில் அளவாக முயன்று, அசையவில்லை என்றால் மறுதிசையில் முயலுங்கள். ஒரே திசையில் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். கடல் காற்றில் பல ஆண்டு கிடந்த கப் நகரும்போது முதலில் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும், மரை ஓரத்திலிருந்து பழுப்புத் தூள் உதிரும். திசை சரி என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், மோட்டார் அந்த மரையைப் பயன்படுத்துவதே இல்லை. எந்த மரையாக இருந்தாலும் கப் வெளியே வந்துவிட்டால் போதும். பழைய பிரெஞ்சு ஃப்ரேம்களின் 68 மில்லிமீட்டர் குழாயில் மோட்டார் நன்றாகவே உட்காரும்.

மோட்டாரை உட்கார வைத்தல்

குழாயின் உட்புறத்துத் துருவைச் சுரண்டித் துடைத்து, மெல்லியதாக கிரீஸ் பூசுங்கள். குழாயின் அடியில் கியர் கம்பி ஓடும் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் எடுத்துவிட வேண்டியிருக்கும். முன்பக்கம் ஒரே பல்சக்கரம்தான் இனி, ஆகவே முன்கியர் மாற்றியும் போகும். மோட்டாரை வலதுபக்கத்திலிருந்து நுழையுங்கள். அது செயின் பக்கத்துக் குழாயில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் வலப்பக்கம் ஒரு மெல்லிய வளையம் போட்டு வெளியே தள்ளலாம். ஆனால் அந்த அளவுக்கு இடப்பக்கம் நட்டுக்கு மரை குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்துச் செய்வதுதான் முழு வேலையிலும் முக்கியமானது. மோட்டார் செயினை முன்னோக்கிச் சுற்றும்போது மோட்டாரின் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதாவது மேல்நோக்கி, ஃப்ரேமின் சாய்குழாயை நோக்கி எழும். ஆகவே நட்டை முடுக்கும் முன்பே மோட்டாரைக் கையால் மேலே தூக்கி, சாய்குழாயைத் தொடும்படி நிறுத்திவிடுங்கள். தொடும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டு வைக்கலாம், வயர் எதுவும் நசுங்கக்கூடாது. அப்படியே பிடித்துக்கொண்டு இடப்பக்கம் பல் தகட்டை வைத்து, இரண்டு போல்ட்டுகளைப் போட்டு, பெரிய நட்டை அதற்குரிய ஸ்பேனரால் நன்றாக முடுக்கி, மேல் பூட்டு வளையத்தையும் இறுக்குங்கள். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டி முடுக்குவதை நான் ஏற்பதில்லை. அந்த ஸ்பேனரை மோட்டாரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். டோங்ஷெங் மோட்டாரில் பின்குழாய்களைப் பற்றிக்கொள்ளும் தாங்கி ஒன்று கூடுதலாக வரும், அதை விட்டுவிடாமல் பொருத்த வேண்டும்.

முடுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து ஃப்ரேம் வரை நகப்பூச்சால் ஒரே நேராக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி முடுக்க வேண்டும். புதிதாகக் கடித்த பற்கள் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். கிராங்க் போல்ட்டுகளை 40 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள்.

செயின் போகும் கோட்டைப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். நடுமோட்டாரின் பல்சக்கரம் பழையதைவிட வெளியே தள்ளி நிற்கும். நம் ஊரில் அதிகம் பயன்படுவது பின்னால் உள்ள பெரிய பல்சக்கரங்கள், அவை உள்பக்கம் இருக்கின்றன. அதனால் செயின் சாய்ந்து ஓடும், தேயும், சில நேரம் விழும். உள்நோக்கிக் குழிந்த 42 பல் சக்கரம் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மோட்டாரோடு வரும் 44 அல்லது 46 பல் சக்கரம் சமதரைக்கு ஏற்றது.

திரை, பிரேக் கைப்பிடி, உதவி பட்டன் எல்லாம் ஹேண்டில்பாரில் மாட்டுவது, எளிது. பின்சக்கரத்துக் கம்பியில் ஒரு காந்தமும், எதிரே ஃப்ரேமில் வேக சென்சாரும் வரும். இரண்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருக்கட்டும். வயர்களின் வட்ட இணைப்பிகளில் அம்புக்குறி இருக்கும். இரண்டு அம்புகளையும் நேருக்கு நேர் வைத்து நேராக அழுத்துங்கள், திருகாதீர்கள். உள்ளே உள்ள ஊசிகள் மெல்லியவை, ஒன்று வளைந்தால் வயரையே மாற்ற வேண்டிவரும். பேட்டரியைக் கடைசியில்தான் இணைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் தரையில் வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, உதவியைக் குறைந்த அளவில் வைத்து, பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். வேட்டி, துப்பட்டா, பிள்ளைகளின் விரல் எதுவும் செயின் பக்கம் இருக்கக்கூடாது.

ஓட்டும்போது

மேடு தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள். கியர் மாற்றும் நொடியில் மிதிப்பதை நிறுத்துவதுபோல் தளர்த்துங்கள். கால் மட்டும் இழுத்த செயினை இப்போது மோட்டாரும் இழுக்கிறது. முழுப் பாரத்தில் கியர் மாற்றினால் செயின் அறுந்துவிடக்கூடும். அறாவிட்டாலும் சீக்கிரம் நீளும். செயின் அளவியை வாங்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது பாருங்கள். நீண்ட செயினை விட்டு வைத்தால் அது பின் பல்சக்கரங்களையும் தின்றுவிடும்.

டோங்ஷெங் போன்ற அழுத்தம் அளக்கும் மோட்டார்களை இயக்கும்போது பெடலில் கால் வைக்காதீர்கள். இயங்கத் தொடங்கும் நொடியில் சென்சார் தன் பூஜ்யத்தை வைத்துக்கொள்கிறது. காலின் பாரத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் அன்று முழுக்க உதவி குறைவாகத்தான் வரும். அணைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு மறுபடி இயக்கினால் சரியாகிவிடும்.

ஓடவில்லை என்றால்

பதற்றத்தில் மோட்டாரைத் திறக்காதீர்கள். பெரும்பாலான கோளாறுகள் மோட்டாருக்கு வெளியேதான் இருக்கும். பேட்டரியிலிருந்து தொடங்கி மின்சாரம் போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும். அதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும்.

திரையே எரியவில்லை என்றால் பேட்டரியின் சுவிட்ச், ஃப்யூஸ், பேட்டரி உட்காரும் தாங்கியின் முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். இங்கே உப்புக்காற்று செம்பு முனைகளில் பச்சைப் பொடியைப் படியவைக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மின் இணைப்புகளுக்கான கிரீஸ் கொஞ்சம் தடவினால் பாதிப் பிரச்சினை தீரும். கரடுமுரடான சாலையில் மட்டும் விட்டு விட்டு நின்றால் அதுவும் பெரும்பாலும் இந்தத் தாங்கிதான்.

திரை எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை. உதவி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது பிரேக் கைப்பிடி. பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் ஒரு சென்சார் உண்டு. துருவால் கைப்பிடி முழுசாகத் திரும்பாவிட்டால், நாம் எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாக மோட்டார் நினைத்துக்கொள்ளும். இரண்டு பிரேக் வயர்களையும் இணைப்பியில் பிரித்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சோதியுங்கள். ஓடினால் ஆள் அகப்பட்டுவிட்டது. அதைச் சரிசெய்து திரும்ப இணைக்காமல் சாலைக்குப் போகாதீர்கள்.

பஃபாங் திரை எண்ணிலும் சொல்லும். 21 என்றால் வேக சென்சார்; பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டியபின் காந்தம் நகர்ந்திருக்கும். 30 என்றால் திரைக்கும் மோட்டாருக்கும் இடையே பேச்சு அறுந்திருக்கிறது, இணைப்பிகளைப் பிரித்து மறுபடி செருகிப் பாருங்கள். 10 என்றால் மோட்டார் சூடு. நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, இன்னும் இறங்கிய கியரில் கிளம்புங்கள். 8 என்றால் மோட்டாருக்குள் உள்ள சென்சார். அது பட்டறைக்குப் போக வேண்டிய வேலை.

மேட்டில் மட்டும் நிற்பது தனி ரகம். என் தங்கை மகன் சோத்ரோனிலிருந்து முஃபியா பல்கலைக்கழகத்துக்கு இப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தான்.

"மாமா, மேட்டுல மட்டும் நின்னுடுது. கீழ நல்லாத்தான் ஓடுது."

"ஃபுல் சார்ஜ்ல எத்தனை வோல்ட் காட்டுதுப்பா?"

"பச்சை விளக்கு வந்துடுச்சு மாமா, அதுக்கப்புறம் பார்க்கலையே."

மல்டிமீட்டரை வைத்தால் 40.1 வோல்ட். 36 வோல்ட் பேட்டரிக்குள் பத்து செல் தொகுதிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறி, மொத்தம் 42 வோல்ட் வர வேண்டும். ஒரு தொகுதி முந்திக்கொண்டு நிறைந்துவிட்டால், பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் காவல் பலகை மற்றவை நிறைவதற்குள் சார்ஜை நிறுத்திவிடும். பச்சை விளக்கும் வந்துவிடும். பகலில், பக்கத்திலேயே இருந்துகொண்டு, விளக்கு பச்சையான பிறகும் சில மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவைத்தோம். காவல் பலகை தொகுதிகளை மெல்லச் சமன் செய்தது, 41.6 வந்தது. அப்படியும் ஏறாமலிருந்தால் ஒரு தொகுதி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பேன்.

சரி, குறைந்த வோல்ட் ஏன் மேட்டில் மட்டும் தெரிகிறது? மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும்போது ஒரு குழாயில் ஓடுவது, இரண்டாவதைத் திறந்ததும் சுருங்கிவிடும் இல்லையா, பேட்டரியும் அப்படித்தான். உள்ளே 0.2 ஓம் தடை இருந்து, மேட்டில் மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். நிற்கும்போது 34 காட்டிய பேட்டரி மேட்டில் 31-க்கு இறங்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், பேட்டரியைக் காப்பாற்ற மோட்டாரை நிறுத்திவிடும். சமதரையில் 4 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் ஒரு வோல்ட்கூடக் குறையாது. பேட்டரி வயதாக ஆக இந்தத் தடை கூடும். உதவியை ஒரு படி குறைத்து, கியரையும் இறக்கினால் இழுக்கும் ஆம்பியர் குறைந்து, வீடு வந்து சேரலாம்.

சத்தங்களையும் கேட்டுப் பழகுங்கள். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டிக்' என்றால் கிராங்க் போல்ட் அல்லது பெடல். கிளம்பும்போது மட்டும் 'டொக்' என்று இடித்தால் மோட்டார் குழாய்க்குள் அசைகிறது. நகப்பூச்சுக் கோட்டைப் பாருங்கள், அன்றே முடுக்குங்கள். விட்டால் பற்கள் குழாயின் விளிம்பை அரைத்துவிடும். உள்ளிருந்து அரைக்கும் சத்தம் வந்து, மோட்டார் சுற்றியும் தள்ளவில்லை என்றால், உள்ளே உள்ள நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். உதிரி கிடைக்கும், பழகியவர் கையால் மாற்றிக்கொள்வது நல்லது.

கடைசியாகத் தண்ணீர். 2007-இல் கமேத் புயலின்போது இத்தீவின் கொம்மெர்சோன் பகுதியில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அது உலகச் சாதனை. இணைப்பிகள் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் மோட்டாருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். சேற்றை வாளித் தண்ணீராலும் தூரிகையாலும் கழுவுங்கள். அழுத்தக் குழாயைப் பெடல் அச்சின் பக்கம் கொண்டு போகாதீர்கள், அது கிரீஸைத் தாண்டித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். புயல் காலத்தில் சைக்கிளைப் பல வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு, கழற்றி, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி, காய்ந்தபின் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சார்ஜ் போடக்கூடாது. உள்ளே செல்கள் குறுக்கிணைந்து, நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். அதை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரி விற்கும் கடையிலோ மறுசுழற்சி மையத்திலோ, நனைந்தது என்று சொல்லியே ஒப்படையுங்கள்.